மூன்றும் நான்கும் சந்திக்கும் இடம்

யாழ்ப்பாணத்தில் நான் கணக்கு வாத்தியார். பல்கலைக்கழகப் படிப்பு முடித்து, உயர்தர வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்தேன். பின்னேரங்களில் மருதனார்மடத்தில் ஒரு குருவிடம் மிருதங்கம் படித்தேன். கணிதம் தொழில், மிருதங்கம் மனசுக்கு என்று அப்போது பிரித்து வைத்திருந்தேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்க, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் சனம் முழுதும் ஊரைவிட்டு வெளிக்கிட்டது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்களுக்கு விடிந்துவிட்டது. மூத்தவளைச் சைக்கிள் பாரில் இருத்தி, உரப்பையால் சுற்றிய மிருதங்கத்தைக் கரியரில் கட்டியிருந்தேன். “இஞ்சேருங்கோ, அரிசி வைக்கிற இடத்தில இதையே கட்டினனீங்கள்?” என்று மனைவி கேட்டா. எனக்குப் பதில் வரவில்லை. சாவகச்சேரியில் பையைப் பிரித்தபோது, தோல் நனைந்துவிட்டதோ என்று முதலில் தொட்டுப் பார்த்தது அவதான்.

1998இல் கனடா வந்தோம். ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடி வீடு, எனக்குப் பொதியிடும் தொழிற்சாலையில் இரவு வேலை, மனைவிக்குப் பகல் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் பூட்டிய கதவைப் பார்க்கக்கூடாது என்று அப்படி எடுத்தோம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நித்திரை கொண்டது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். பெட்டிகளுக்கு நாடா ஒட்டும் இயந்திரம் மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு நான்கு தட்டு என்று ஓடும். எனக்கு அது மிஸ்ர சாபு, மூன்றும் நான்குமாய் ஏழு அடித் தாளம். விடியும் வரை மனதுக்குள் அதற்கு வாசித்துக்கொண்டு நிற்பேன். கீழ்வீட்டார் தூங்க வேண்டும் என்பதால் வீட்டில் தலையணையில் தட்டித்தான் மிருதங்கச் சாதகம்.

ஆசிரியராகப் பதிய, படித்த இடத்திலிருந்தே பெறுபேறுகள் நேராக வந்து சேர வேண்டும் என்றார்கள். இடம்பெயர்வுக்குள்ளும் நான் காப்பாற்றிக் கொண்டுவந்த மூலப் பத்திரங்கள் போதவில்லை. “வேறு துறை யோசித்துப் பாருங்களேன்” என்று ஓர் அலுவலர் தன்மையாகத்தான் சொன்னார். திரும்பி வரும்போது இறங்க வேண்டிய பஸ் தரிப்பைத் தவறவிட்டேன். போரால் மூடிக்கிடந்த, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகுதான் பெறுபேறுகள் இருந்த உறை வந்து சேர்ந்தது. மேலும் இரண்டு வருடம் படிப்பு, காத்திருப்பு. பிறகு சப்ளை ரீச்சர் (பதில் ஆசிரியர்) வேலை: காலையில் தொலைபேசி அடித்தால் அன்று வேலை.

தெரியாத பள்ளிக்கூடம், தெரியாத முகங்கள். ஏழாம் வகுப்பு ஒன்றில் என் உச்சரிப்பைப் பின்வரிசை திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. கரும்பலகையில் பொதுமடங்குகள். என் குரல் எடுபடவில்லை. கை தானாக மேசையில் தட்டத் தொடங்கியது: தகிட, தகிட. சத்தம் கொஞ்சம் அடங்கியது. வலப்பக்கத்தை ‘தகிட’ என்று மூன்று தட்டச் சொன்னேன், இடப்பக்கத்தை ‘தகதிமி’ என்று நான்கு. வேகம் ஒன்றே. முதல் தட்டை மட்டும் ஓங்கித் தட்ட வேண்டும். சேர்ந்து தொடங்கியவர்கள் உடனே பிரிந்தார்கள். ஒரு பக்கத்து அடி மற்றப் பக்கத்து இடைவெளியில் விழுந்தது. பன்னிரண்டு தட்டு முடிந்து பதின்மூன்றாவதில் இரண்டு பக்கமும் ஒரே அடியாய் விழுந்தபோது பின்வரிசைப் பையன் ஒருவன் எழும்பியே விட்டான். ஊரில் பொ.ம.சி. (பொதுமடங்குகளுள் சிறியது) என்று எத்தனை வருடம் எழுதிப் போட்டிருப்பேன்! அதை ஒரு பிள்ளை காதால் கண்டுபிடித்ததை அன்றுதான் பார்த்தேன். நான் பிரித்து வைத்திருந்த இரண்டும் ஒரே படிப்பாக இருந்திருக்கிறது.

ஒன்ராறியோவில் 1977 முதல் அரச ஆதரவோடு தாய்மொழி வகுப்புகள் நடக்கின்றன. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எனக்குக் கிடைத்தபோது மிருதங்கத்தையும் கொண்டு போனேன். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ‘படம்’, ‘பாடம்’ இரண்டும் ஒன்றாகவே கேட்கும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பதை நன்னூல் சூத்திரமாகச் சொன்னால் கண் வேறெங்கோ போகும். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குத் தட்டி ஒரு வீச்சு என்று வைத்தேன். இரண்டு மாதத்தில் சொல்வதெழுதலில் கால் போடாமல் விடுவது குறைந்தது. என் மகள் பரதம் படித்தவள். அவள் வந்து அதே சொற்களுக்குக் காலால் தட்டிக் காட்டிய நாட்களில் வகுப்பு முடிந்தாலும் பிள்ளைகள் எழும்பமாட்டார்கள்.

குளிர்காலம் மிருதங்கத்துக்குப் பகை. சூடாக்கியின் உலர்ந்த காற்றில் தோல் இறுகிச் சுருதி ஏறிவிடும். வகுப்புக்கு முன் விளிம்புப் பின்னலைத் தட்டித் தட்டி இறக்குவேன். வகுப்பு முடிய, தொப்பி என்கிற இடப்பக்கத் தோலில் அப்பிய ரவைப் பசையை வழித்தெடுத்துத் துடைத்து வைக்க வேண்டும். காயவிட்டால் தோல் பழுதாகும்.

ஓய்வுபெறும் வருடம் ஒரு சனிக்கிழமை அப்படி வழித்துக்கொண்டிருந்தபோது ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி வந்து நின்றாள்.

“சேர், அஞ்சும் ஏழும் எப்ப சந்திக்கும்?”

“தட்டிப் பாருங்கோ பிள்ளை.”

தம்பியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ‘தகதகிட’ ஒரு குரல், ‘தகிடதகதிமி’ ஒரு குரல். இருபதைத் தாண்டியதும் தம்பி பிசகினான். முதலிலிருந்து தொடங்கினார்கள். வெளியே பனிக்குள் காரை ஓடவிட்டுத் தகப்பன் காத்திருந்தார். ரவை காயத் தொடங்கிவிட்டது. நான் கையை எடுத்துவிட்டு அவர்களோடு சேர்ந்து எண்ணினேன்.