அவசரத்துக்கு விலை உண்டா?

மார்ச் 4

விலை நியாயம் பற்றிக் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கோதுமை விலை ஏறிக் கிடக்கும் ஊருக்கு ஒரு வியாபாரி சரக்கோடு வருகிறான். பின்னாலேயே இன்னும் பலர் கோதுமை கொண்டு வருவது அவனுக்குத் தெரியும். அதை வெளியே சொல்லாமல் அன்றைய விலைக்கே விற்கலாமா? விற்கலாம், அது அநீதி ஆகாது என்கிறார் தாமஸ். சொல்லிவிட்டு விற்றால் இன்னும் உத்தமம், ஆனால் கட்டாயமில்லை.

இவ்வளவு விட்டுக்கொடுப்பவர், இன்னோர் இடத்தில் அசைய மறுக்கிறார். வாங்குபவனுக்கு ஒரு பொருள் உயிர்போகிற அவசரம். விற்பவனுக்கோ அதைக் கொடுப்பதால் தனி நஷ்டம் எதுவும் இல்லை. அப்போது விலையை ஏற்றக் கூடாது. ஏனென்றால் அந்த அவசரம் வாங்குபவனுடையது. தன்னுடையது அல்லாத ஒன்றை யாரும் விற்க முடியாது. படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இதற்கு மேல் இன்று எதுவும் ஏறாது.

மார்ச் 6

கத்தோலிக்கத் திருச்சபைக்குச் சந்தை என்றாலே ஆகாது என்று சொல்பவர்கள் 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினைப் பார்க்க வேண்டும். அங்கே சலமான்கா பல்கலைக்கழக மரபில் வந்த இறையியலாளர்கள், மோசடியும் ஏகபோகமும் இல்லாத சந்தையில் மக்கள் பொதுவாக மதிக்கும் விலையே நியாய விலை என்றார்கள். பணம் அரிதாக உள்ள இடத்தில் பொருளும் கூலியும் மலிவாக இருக்கும் என்று 1556இலேயே எழுதினார் அவர்களில் ஒருவரான அஸ்பில்குவேட்டா. அவர் ஒரு கத்தோலிக்கக் குரு.

மார்ச் 9

1891இல் திருத்தந்தை (போப்) 13ஆம் லியோ திருச்சபைக்கு எழுதிய சுற்றுமடல். தனிச்சொத்து இயற்கை உரிமை என்கிறார், சோஷலிசத்தை மறுக்கிறார். சந்தைக்காரர்கள் இதுவரை தலையாட்டுவார்கள். அப்புறம் கூலிக்கு வருகிறார். வேறு வழியில்லாமல், இதைவிட மோசமானதற்குப் பயந்து தொழிலாளி குறைந்த கூலிக்குச் சம்மதித்தால், அந்தச் சம்மதத்துக்குப் பின்னால் வன்முறைதான் இருக்கிறது என்கிறார். சிக்கனமாக வாழும் ஒருவரைத் தாங்குகிற அளவுக்காவது கூலி இருக்க வேண்டும். அது எந்த ஒப்பந்தத்துக்கும் மூத்த நீதி. தாமஸின் அதே வாதம்தான், கோதுமையின் இடத்தில் கூலி.

பொருளியலாளர்களின் பதில் லேசானதல்ல. கூலியைச் சட்டத்தால் ஏற்றினால் திறன் குறைந்தவருக்கு வேலையே கிடைக்காமல் போகலாம். இதைத் தட்டிவிட்டுப் பேசும் போதகர்கள்மேல் எனக்குக் கோபமுண்டு. ஆனால் லியோ சட்டத்தை மட்டும் நம்பவில்லை. தொழிலாளர் சங்கங்களைத்தான் பெரிதும் நம்பினார். முதலாளியின் மனசாட்சியிடமும் நேராகவே பேசினார். சட்டம் சரிப்படாது என்பதால் கடமை இல்லாமல் போய்விடுமா?

மார்ச் 10

சந்தைப் பொருளியலின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித் அறநெறித் தத்துவப் பேராசிரியர். கூலியை ஏற்றக் கூடாது என்று முதலாளிகள் எப்போதும் தங்களுக்குள் சொல்லாமலே கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள் என்று 1776இல் எழுதியவரும் அவரே. அவர் பெயரைச் சொல்லி வாதாடுபவர்கள் இந்த வரியை ஏனோ எடுப்பதில்லை.

மார்ச் 14

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1991இல் எழுதியதில் சந்தைக்கு நல்ல மதிப்பே தருகிறார்: வளங்களைப் பயன்படுத்தவும் தேவைகளை நிறைவேற்றவும் அதுதான் மிகத் திறமையான கருவி. ஆனால் கையில் காசுள்ள தேவைகளுக்கு மட்டும். காசில்லாத பசி சந்தையின் காதில் விழாது. அதை வேறு யாராவது கேட்டாக வேண்டும்.

மார்ச் 17

மனதை அரித்துக்கொண்டிருந்தது ஒரு கேள்வி: சிறு முதலாளிக்கே வருமானம் போதவில்லை என்றால் நியாயக் கூலியை எங்கிருந்து கொடுப்பார்? திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் (பயஸ்) 1931இலேயே இதைத் தொட்டிருக்கிறார். நிர்வாகச் சோம்பலால் வந்த நஷ்டம் என்றால் கூலியைக் குறைக்க அது சாக்கு ஆகாது. ஆனால் அநியாய விலைக்கு விற்கும்படி அந்தத் தொழிலையே வேறு யாரோ நெருக்கினால், தொழிலாளியின் கூலியைப் பறித்த பாவம் அந்த நெருக்கியவர்களுடையது. அப்படியானால் மலிவு விலைக்கு அடம்பிடிக்கும் பெரிய கொள்முதல்காரர்களையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். கடைசியில் வாங்கும் என்னையும் சேர்க்க வேண்டுமா என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.