வெரிகோசீல் (விதைப்பை இரத்த நாள வீக்கம்) அறுவைச் சிகிச்சை: டப்பாவோடு அலைந்த கதை

குழந்தைக்காக இரண்டு ஆண்டுகள் மனைவியை மட்டும் ஊசியும் ஸ்கேனுமாக அலையவிட்ட பிறகுதான் எனக்கும் ஒரு விந்துப் பரிசோதனை எழுதினார்கள். நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனை. டப்பாவை நீட்டிய பெண், "வீட்டிலேயே எடுத்து வரலாம் சார்" என்றதோடு சரி. மஞ்சக்குப்பத்தில் எடுத்து, பஸ் ஏறி, அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில் வியர்த்து, ஆய்வகம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. "ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்" என்று கையைக்கூட நீட்டவில்லை. அதற்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும் என்பதையும் அங்கேதான் முதலில் கேள்விப்பட்டேன்.

மறுமுறை அங்கேயே எடுத்தேன். அறை என்றார்கள், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை. வாளியில் தண்ணீர் நிரப்பிக் கதவுக்கு முட்டுக்கொடுத்தேன். வெளியே வந்ததும் முதல் வேலையாகப் புகார்ப் பெட்டியில் எழுதிப் போட்டேன்.

விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 60 லட்சம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ்வரம்பு 1.6 கோடி. ஒரே அறிக்கையை நம்பக் கூடாது என்று மருத்துவர் இன்னொரு முறையும் அனுப்பினார். வாளி தெரிந்த இடம்தானே!

நிற்க வைத்து, மூச்சடக்கி முக்கச் சொன்னார். விதைப்பையின் இடப்பக்கம் புடைத்த இரத்த நாளங்கள் அவர் கையிலேயே தட்டுப்பட்டன. ஸ்கேன் மையத்திலோ படுக்க வைத்து மட்டும் எடுத்து அனுப்பிவிட்டார்கள். நின்றபடியும் எடுக்கச் சொல்லித் திரும்ப அனுப்பியதில் இரண்டாவது முறையும் பணம். கைக்குத் தட்டுப்படாமல் ஸ்கேனில் மட்டும் தெரிகிற வீக்கத்துக்குக் குழந்தைக்காக அறுவை பரிந்துரைப்பதில்லை. அதற்கே நாள் குறிக்கிறார்கள் என்றால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.

அறுவை? நுண்ணோக்கி வைத்து அடிவயிற்றுக்குக் கீழே சிறிய கீறல், மறுநாள் வீடு. அவ்வளவுதான்.

பொறுமையின்றி ஒரே மாதத்தில் கடலூரில் ரகசியமாகப் பரிசோதித்தேன்: 50 லட்சம். இரவெல்லாம் தூக்கமில்லை. மருத்துவர் திட்டினார்: விந்தணு உருவாகவே ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும், மூன்று மாதத்துக்கு முன் பார்த்து என்ன பயன்?

மூன்றாம் மாதம் 1.9 கோடி. இது உத்தரவாதமில்லை, சிலருக்கு எண்ணிக்கை ஏறுவதே இல்லை என்றார். எங்களுக்கு இன்னும் நல்ல செய்தி இல்லை, காத்திருக்கிறோம்.

அந்தக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். வாளியையும் ஓரமாக வைத்திருந்தார்கள்.