எந்த மண்டலத்துக் கணக்கு?

2025 மார்ச் 3, திங்கள்

மண்டலவாரி விற்பனை அறிக்கை என் தலையில் விழுந்திருக்கிறது. வாடிக்கையாளர் பட்டியல் ஒரு கோப்பு. எந்த அஞ்சல் குறியீடு எந்த மண்டலம் என்ற அட்டவணை இன்னொரு கோப்பு. இரண்டையும் பொருத்தினால் தீர்ந்தது, நாளை தந்துவிடுகிறேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

பாஸ்டன் வாடிக்கையாளர் ஒருவர் ஆஸ்திரேலிய மண்டலத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய குறியீடு 02108. யாரோ கோப்பை எக்செலில் திறந்து சேமித்திருக்கிறார்கள். அது எண் என்று நினைத்து முன்னால் நின்ற பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிட்டது. மிஞ்சிய 2108, சிட்னிக்கு வடக்கே உள்ள பாம் பீச்சின் குறியீடு. நாட்டின் பெயர் இருக்க வேண்டிய கட்டமோ காலி. எதிலும் பொருந்தாமல் நின்றிருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும். தவறான இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியதால்தான் இவ்வளவு நேரம் தேட வேண்டியதாயிற்று. அஞ்சல் குறியீட்டை யாரும் கூட்டப் போவதில்லை, பெருக்கப் போவதில்லை. அதை எழுத்தாகவே வைத்து, நாட்டோடு சேர்த்துத்தான் பொருத்த வேண்டும்.

நாட்டிலும் ஒரு வேடிக்கை. நமீபியாவின் ஈரெழுத்துக் குறியீடு ‘என்ஏ’ (NA). கோப்புகளைப் படிக்க நான் பயன்படுத்தும் பாண்டாஸ் நிரல் தொகுப்பு, தடுத்துச் சொல்லாவிட்டால், அதை ‘மதிப்பு இல்லை’ என்று படித்து வெற்றிடமாக்கிவிடுகிறது. ஒரு நாடே சத்தமில்லாமல் காணாமல் போகிறது!

மார்ச் 5, புதன்

இன்று வயிற்றைக் கலக்கிவிட்டது. மண்டலங்களைக் கூட்டினால் நிறுவனத்தின் மொத்த விற்பனையைவிட அதிகமாக வருகிறது. அட்டவணையில் சில குறியீடுகள் இரண்டு மண்டலங்களின் கீழ் இருக்கின்றன. பொருத்தும்போது அந்த வாடிக்கையாளர்கள் இரட்டையாகி, அவர்கள் வாங்கியதும் இரட்டித்திருக்கிறது. அட்டவணை போட்டவரை மனத்துக்குள் திட்டினேன். பிறகுதான் புரிந்தது, அவர்மேல் முழுப் பழியையும் போட முடியாது. அமெரிக்காவின் அஞ்சல் குறியீடான ஜிப் 1963இல் தபால்களைப் பிரிப்பதற்காக வந்தது. நிலத்தைக் கூறுபோட வந்ததல்ல. மாநில எல்லையைத் தாண்டும் குறியீடுகளும் அதில் உண்டு. அத்தகையவற்றுக்கு முகவரியின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு, அந்தப் புள்ளி எந்த எல்லைக்குள் விழுகிறது என்று பார்ப்பதே சரி.

மார்ச் 6, வியாழன்

புள்ளிகள் சில கினியா வளைகுடாவின் நடுக்கடலில் விழுந்தன. இடம் தெரியாத முகவரிகளுக்கு அட்சரேகை, தீர்க்கரேகையை 0, 0 என்று நிரப்பியதன் பலன்.

மார்ச் 7, வெள்ளி

ஜனவரியில் சில குறியீடுகள் கிழக்கிலிருந்து தெற்குக்கு மாற்றப்பட்டன. இன்றைய அட்டவணையைச் சென்ற ஆண்டு விற்பனைக்கும் போட்டால், கிழக்குப் பொறுப்பாளர் உழைத்ததெல்லாம் தெற்கின் பெயரில் ஏறிவிடும். போடாவிட்டால், தெற்கு ஒரே மாதத்தில் வளர்ந்ததாகத் தெரியும். இருவரும் நியாயம் பேசினார்கள். இருவர் பேச்சும் நியாயமாகத்தான் பட்டது. அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை என்று சேர்த்தேன். ஊக்கத்தொகைக்கு அன்றைய எல்லை, வளர்ச்சி ஒப்பீட்டுக்கு இன்றைய எல்லை. எது எது என்று தலைப்பிலேயே எழுதிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

அறிக்கை போயிற்று. ‘மண்டலம் தெரியாதவை’ என்ற கடைசி வரி அசிங்கமாக இருக்கிறதாம், எடுத்துவிடச் சொன்னார் மேலாளர். “எடுத்தால் மொத்தம் உதைக்கும் சார்” என்றேன். கொஞ்சம் யோசித்தார். வரி இருக்கட்டும், எழுத்தை மட்டும் சிறியதாக்கு என்றார். ஆக்கிவிட்டேன்.