அடுத்த டர்ன் அக்காவுக்கு

மாமல்லபுரத்தில் எங்களுக்கு வருஷம் அக்டோபரில்தான் பிறக்கும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை சம்பாதிப்பது, ஏப்ரல், மே, ஜூனில் அதை வைத்துச் சாப்பிடுவது, ஜூலை ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்கள் கோடை விடுமுறைக்கு வந்தால் கொஞ்சம் கையில் காசு பார்ப்பது, செப்டம்பரில் அண்ணாச்சி கடை நோட்டில் எழுதிவிட்டு அடுத்த சீசனுக்குக் காத்திருப்பது. நான் பிரெஞ்சு பேசும் கைடு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அட்டை கழுத்தில் தொங்கும். வீட்டுக்காரர் சிற்பி. ஆக, வீட்டில் இரண்டு சம்பாத்தியம் என்று பெயர்தானே ஒழிய, ஏர்போர்ட்டில் ஆள் இறங்கினால்தான் இரண்டுமே.

இந்தக் கணக்கை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் லாக்டவுன் போட்ட அன்றே நாங்கள் விழுந்துவிட்டதாக வெளியூர்ச் சொந்தங்கள் நினைத்தார்கள், போன் போட்டு அழுதார்கள். அப்படி இல்லை. அந்த வருஷ சீசன் நல்ல சீசன். 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் வந்து போனதில் ஊருக்கே வெள்ளையடித்து விளக்குப் போட்டிருந்தார்கள். வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முன்னால் இருவரும் கைகோர்த்துத் தூக்கி நின்ற அதே இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வடக்கத்திக் குடும்பங்கள் வரிசை கட்டின. கையில் கொஞ்சம் பணம் இருந்தது.

முடிந்த விதம்தான் மோசம். மார்ச் 13லிருந்து சுற்றுலா விசாக்களை நிறுத்திவிட்டார்கள். 17ஆம் தேதி தொல்லியல் துறை எல்லாச் சின்னங்களையும் மூடியது, அதே நாள் நண்பகலில் பிரான்சிலும் ஊரடங்கு. நான் அப்போது ஒரு க்ரூப்போடு பாதி வழியில் இருந்தேன். சென்னை, மாமல்லபுரம், காஞ்சிபுரம், புதுச்சேரி, தஞ்சாவூர், செட்டிநாடு, மதுரை, கொச்சி என்று போக வேண்டிய சர்க்யூட். தஞ்சாவூரோடு திருப்ப வேண்டியதாகிவிட்டது. வழியில் ஒரு டீக்கடையில் வெள்ளைத்தோலைப் பார்த்ததும் பாய்லரை அணைத்துவிட்டு "டீ இல்லைம்மா" என்றார்கள். அதற்கு முந்தைய மாதம் அதே கடையில் அதே மாதிரி ஆட்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள்தான். பயம், என்ன செய்வது. கெஸ்ட்டுகளிடம் நான் பால் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். 22ஆம் தேதி சர்வதேச விமானங்கள் நிற்பதற்குள் எல்லோரையும் ஏற்றிவிட்டோம், அது ஒரு நிம்மதி. அந்த க்ரூப்புக்கும் அதற்கு முந்தைய க்ரூப்புக்கும் டிராவல்ஸிலிருந்து வரவேண்டிய பணம்தான் வரவில்லை. கேட்டால் "ஃபைல் க்ளோஸ் ஆகலை மேடம்". இன்றைக்கும் ஆகவில்லை.

ஏப்ரல் மே ஜூன் எப்போதுமே வேலை இல்லாத மாதங்கள்தான், அதனால் அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரேஷனில் 1000 ரூபாய் கொடுத்தார்கள், அரிசி பருப்பு எண்ணெய் சர்க்கரை கொடுத்தார்கள். ஓடியது. ஜூனில் சென்னையோடு சேர்த்து செங்கல்பட்டு மாவட்டத்திலும் பல இடங்களில் மறுபடி இறுக்கிக் கட்டினார்கள், ஈசிஆரில் சென்னை வண்டி தென்பட்டாலே ஊர்க்காரர்கள் முறைத்தார்கள். வயிற்றைக் கலக்கியது ஜூலையில்தான். வரவேண்டிய பிரெஞ்சுக்காரர்கள் வரவில்லை. அக்டோபரிலும் வரப்போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. எவ்வளவு நாள் என்று தெரிந்தால் மனுஷன் எதையும் தாங்குவான், எங்கள் தொழிலே அப்படிக் கணக்குப் போட்டுக் கஞ்சி குடிக்கிற தொழில்தான். முதல் தடவையாக அடுத்த சீசனுக்குத் தேதி இல்லாமல் போனது.

வீட்டுக்காரர் பட்டறையிலும் அதே கதை. இந்த ஊரைப் பற்றி யார் எழுதினாலும் உளிச் சத்தத்தில்தான் ஆரம்பிப்பார்கள், நான் தவிர்க்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. வெளிநாட்டுக் கோயில்களுக்குச் செய்து முடித்த சிலைகள் வைக்கோல் சுற்றி, மரச்சட்டம் அடித்து, கப்பலுக்குப் போகாமல் அப்படியே கிடந்தன. அவை போனால்தான் மிச்சப் பணம் வரும். வளையல் அடகுக்குப் போனது. பள்ளிக்கூடத்திலிருந்து பீஸ் மெசேஜ் வந்தபடி இருந்தது. ஆன்லைன் வகுப்புக்கு வீட்டிலிருந்த ஒரே நல்ல போன் பிள்ளை கைக்குப் போய்விட்டது.

அண்ணாச்சி கடைக்குப் போவதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். சீசன் வந்ததும் தீர்க்கிறேன் என்று சொல்லித்தான் வருஷா வருஷம் எழுதுவோம், இந்தத் தடவை எந்த வாயால் சொல்வது? ஒருநாள் கடைப் பையன் சைக்கிளில் மூட்டையோடு வந்து நின்றான். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: போன ஜூலையில் நாங்கள் வாங்கிய சாமான் பட்டியல், நோட்டைப் பார்த்து அப்படியே எடுத்து எழுதியது. "இதையே போட்டு அனுப்பச் சொன்னாரு, ஏதாச்சும் வேணாம்னா திருப்பிக் குடுத்துருவீங்களாம்." நான் கேட்கவில்லை, அவரும் என்னைக் கேட்க வைக்கவில்லை. எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளுக்கும் இதே மாதிரி போயிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அவர் தர்மம் செய்யவில்லை, ஒவ்வொரு பைசாவும் நோட்டில் ஏறியது. அது ஏறியதால்தான் என்னால் வாங்க முடிந்தது.

குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா வேறு வழி வைத்திருந்தாள். ஆரம்பத்தில், வாங்க ஆள் இல்லாதபோது, கூடையில் நிஜமாகவே மிஞ்சியது. "எடுத்துக்க, ராத்திரிக்குள்ள கெட்டுப்போயிடும், நான் எங்க கொண்டு கொட்டுறது" என்று வாசலில் வைத்துவிட்டுப் போவாள். பிறகு மார்க்கெட் திறந்து மீனுக்கு நல்ல விலை வந்த பிறகும் அவள் கூடையில் எங்களுக்காக மிஞ்சிக்கொண்டே இருந்தது. நெத்திலி, மத்தி, காரப்பொடி. வஞ்சிரம் ஒருநாளும் மிஞ்சவில்லை, அவளும் வியாபாரிதானே. நவம்பர் கடைசியில் நிவர் புயல் மரக்காணம் பக்கம் கரையைக் கடந்ததே, அதற்கு முந்தின நாள் படகுகளை மேட்டுக்கு இழுக்க வீட்டுக்காரரும் பட்டறை ஆட்களும் போனார்கள். கல் தூக்கிப் பழகிய தோள்கள், பிரயோஜனப்பட்டன. அதை யாரும் பதிலுக்குப் பதில் என்று பேசிக்கொள்ளவில்லை.

லியோனிலிருந்து ஒரு வயதான தம்பதி, முன்பு என்னோடு வந்த கெஸ்ட்டுகள், விசாரித்து மெயில் போட்டு, பிறகு பணமும் அனுப்பினார்கள். பீஸ் கட்ட அதுதான் உதவியது, அவர்களை நான் மறக்க மாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பணத்துக்கு நான் நீளமாக நன்றி எழுதினேன், பிள்ளை புத்தகத்தோடு இருக்கிற படம் எடுத்து அனுப்பினேன், அவர்கள் கேட்கவே இல்லை, நானாகத்தான் அனுப்பினேன். மீன் அக்காவுக்கு நான் எந்தப் படமும் எடுத்து அனுப்பவில்லை. ஒரு தடவை நன்றி சொல்லப்போய், "உனக்கு என்ன பைத்தியமா" என்று திட்டு வாங்கியதோடு சரி.

டிசம்பர் நடுவில் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் திறந்தன. டிவியில் சுற்றுலா மீண்டது என்றார்கள். யாருக்கு மீண்டது? 40 ரூபாய் டிக்கெட்டில் சென்னையிலிருந்து குடும்பங்கள் வந்தன, 600 ரூபாய் டிக்கெட் வாங்கும் வெளிநாட்டு ஆட்கள் வரவில்லை. பிரெஞ்சு கைடுக்கு அங்கே என்ன வேலை.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் உள்விவகாரம் கொஞ்சம் சொல்ல வேண்டும். அர்ஜுனன் தபசு என்கிற பெரிய பாறைச் சிற்பத்தின் பக்கம், ஸ்தலசயனப் பெருமாள் கோயில் எதிரே, உள்ளூர் கைடுகள் இருப்பார்கள். அங்கேயே நின்று, வருகிற ஆட்களை முறை வைத்து எடுப்பவர்கள். நாங்கள் பஸ்ஸோடு வருகிறவர்கள், சர்க்யூட் கைடு. எங்களைக் கண்டால் அவர்களுக்கு ஆகாது, அதில் நியாயமும் உண்டு: முப்பது பேரை இறக்கி, நாங்களே பேசி, நாங்களே ஏற்றிக்கொண்டு போய்விடுவோம், அவர்களுக்கு ஒரு ரூபாய் தேறாது. சிரிப்போம், வணக்கம் சொல்லுவோம், அவ்வளவுதான் உறவு. தங்களுக்கே ஒன்பது மாதமாக வேலை இல்லாமல் இருந்தவர்கள் அவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சும்மா வேடிக்கை பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய் வெண்ணெய் உருண்டைக்கு ஏறும் வழியில் நின்றேன். சும்மா இல்லை என்று அவர்களுக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் கழித்து அங்கே மூத்தவர் என்னைப் பார்க்காமலே, முறை எழுதுகிற தம்பியிடம் சொன்னார்: "அடுத்த டர்ன் அக்காவுக்குப் போடுடா." இரண்டு பேர் முகம் சுருங்கியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அரை மணி நேரத்துக்கு 300 ரூபாய். அம்பத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். எனக்குக் கை நடுங்கியது. இத்தனை வருஷமாகப் பிரெஞ்சில் சொன்ன விஷயத்தைத் தமிழில் சொல்ல வேண்டும், அதிலும் அவர்களுக்கு சிவன் யார், கங்கை எது என்று ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. அப்படியானால் நான் என்னதான் சொல்வது? பிரெஞ்சுக்காரர்களிடம் இது அர்ஜுனன் தவமா பகீரதன் தவமா என்கிற வாதத்தை வைத்தே இருபது நிமிடம் ஓட்டிவிடுவேன், அவர்களும் ஆளுக்கொரு கட்சி சேர்ந்து சண்டை போடுவார்கள். இங்கே அந்த வீட்டுத் தாத்தா "அர்ஜுனன்தான்னு போர்டுலயே போட்டிருக்கே" என்று முடித்துவிட்டார். பாட்டி மட்டும் கீழே இரண்டு கையையும் தூக்கித் தவம் செய்கிற பூனையையும் சுற்றி நிற்கிற எலிகளையும் காட்டியதும் அங்கேயே நின்றுவிட்டாள். அந்தப் போலிச் சாமியார்ப் பூனை கதையை நான் தொடங்க, முக்கால்வாசியை அவள்தான் பேரனுக்குச் சொல்லி முடித்தாள், என்னுடையதைவிட நன்றாக. போகும்போது 300க்குப் பதில் 500 கொடுத்தார்கள்.

திரும்பி வந்ததும் முறை எழுதுகிற தம்பி சொன்னான்: "அக்கா, மகேந்திரவர்மன்ல ஆரம்பிச்சு வராதீங்க. வெயில்ல நிக்கிறாங்க. மொதல்ல யானையக் காட்டுங்க, அப்புறம் ராஜாவைச் சொல்லுங்க." என் தொழிலில் யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகப் பாடம் எடுத்ததில்லை. இப்போது பிரெஞ்சு க்ரூப்புக்கும் யானையைத்தான் முதலில் காட்டுகிறேன்.

2021 ஏப்ரல் 16ஆம் தேதி மறுபடி எல்லாவற்றையும் மூடினார்கள். இரண்டாவது அலையைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. டர்னுக்கு நின்றவர்களில் ஒருவர் மே மாதத்தில் போய்விட்டார். அவர் வீட்டுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று திரட்டியபோது என்னிடமும் கேட்டார்கள். 200 ரூபாய்தான் கொடுக்க முடிந்தது, அதையும் பெயர் போட்டு எழுதினார்கள். அந்தப் பட்டியலில் என் பெயர் மற்ற பெயர்களுக்கு நடுவே இருந்தது, சர்க்யூட் கைடு என்று தனியாக எழுதவில்லை. ஜூன் கடைசியில் மத்திய அரசு அங்கீகாரம் பெற்ற கைடுகளுக்கு 1 லட்சம் வரை உத்தரவாதக் கடன் என்று அறிவித்தது. நல்ல திட்டம்தான், ஆனால் எதை வைத்துத் திருப்புவது என்று கேட்டுக்கொண்டு நான் அந்தப் பக்கமே போகவில்லை. மாநில அரசு இரண்டு தவணையில் கொடுத்த 4000 ரூபாயும் 14 சாமான் மூட்டையும் அப்போது அதைவிட உபயோகமாக இருந்தன.

2021 நவம்பர் 15லிருந்து வழக்கமான விமானங்களில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் வரலாம் என்றார்கள், உடனே ஓமிக்ரான் வந்தது. எனக்கு முழு க்ரூப் கிடைத்தது அதற்கு அடுத்த சீசனில்தான். கூட இருந்த சில கைடுகள் திரும்பவே இல்லை. ஒருவர் சென்னையில் பிரெஞ்சு தெரிந்தவர்களைக் கேட்கிற கம்பெனியில் சேர்ந்துவிட்டார், மாதச் சம்பளம், இனிமேல் வெயிலில் நிற்க முடியாது என்கிறார். புத்திசாலி.

நான் பஸ்ஸோடு வரும்போது இப்போது ஒன்று செய்கிறேன். முப்பது பேரை இரண்டாகப் பிரித்து, பிரெஞ்சு கொஞ்சம் பழகிக்கொண்ட உள்ளூர்த் தம்பி ஒருவனிடம் பாதியை விடுகிறேன், அவனுக்கு உண்டானதை டிராவல்ஸ் பில்லில் சேர்த்துவிடுகிறேன். ஏன் கூடுதல் ஆள் என்று ஆபீசில் கேட்பார்கள். பேச்சு எல்லோருக்கும் கேட்பதில்லை, கெஸ்ட் கம்ப்ளெயிண்ட் வரும் என்று எழுதி அனுப்புவேன். கெஸ்ட் கம்ப்ளெயிண்ட் என்ற சொல்லைப் பார்த்தால் அங்கே உடனே பாஸ் ஆகிவிடும்.