இலை இல்லாத சீட்டு

89 ஜனவரி சட்டசபைத் தேர்தலில் எங்கள் அப்பத்தா ஓட்டுப் போடப் போன கதையை வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஊர் ஆண்டிபட்டிப் பக்கம். 84ல் எம்.ஜி.ஆர் அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே ஜெயித்த தொகுதி. சீட்டை வாங்கிக்கொண்டு மறைவுக்குள் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லையாம், அப்புறம் தலையை மட்டும் நீட்டி, "ஏய்யா, இதுல எலையக் காணோமே, வேற சீட்டு குடு" என்றிருக்கிறாள்.

இலை எங்கே இருந்தது? 1987 டிசம்பர் 24ல் எம்.ஜி.ஆர் இறந்ததும் அவருடைய அ.தி.மு.க. ஜானகி அணி, ஜெயலலிதா அணி (ஜா, ஜெ) என்று இரண்டாகி, அவர் மனைவி ஜானகி அம்மாள் முதல்வராகி, நம்பிக்கை வாக்கெடுப்பு அன்று சட்டசபையில் அடிதடியாகி, போலீஸ் உள்ளே புகுந்து, 24 நாளில் ஆட்சியே கலைந்துபோனது. பிறகு ஒரு வருஷம் கவர்னர் ஆட்சி. தேர்தல் கமிஷன் இரட்டை இலையை முடக்கிவிட்டு ஜெயலலிதாவுக்குச் சேவலையும் ஜானகிக்கு இரட்டைப் புறாவையும் கொடுத்தது.

கட்சி உடைந்ததால்தான் கலைஞர் 13 வருஷம் கழித்து வந்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். தி.மு.க.வுக்குச் சுமார் 33 சதவீதம், ஜெ அணிக்கு 21, ஜா அணிக்கு 9. இரண்டு அணியையும் கூட்டினாலும் 30தான் வருகிறது. 84ல் கூட இருந்த காங்கிரஸ் இந்த முறை மூப்பனார் தலைமையில் தனியாக நின்று, ராஜீவ் காந்தி திரும்பத் திரும்ப வந்து சுற்றியும், 20 சதவீத ஓட்டோடு 26 இடத்தில் நின்றுவிட்டது. நிஜமான பொத்தல் அங்கேதான் விழுந்தது. 33 சதவீதத்தில் 150 இடம் வேறு எப்படி வரும்?

ஆனால் அம்மாவா, அம்மாளா என்ற கேள்விக்கு மட்டும் அந்தத் தேர்தல் பட்டென்று பதில் சொல்லிவிட்டது. ஜெயலலிதா, எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் போடியில், ஜா அணியின் நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவையும் தி.மு.க.வையும் தோற்கடித்தார், அவர் அணிக்கு 27 இடம். ஜானகி அம்மாள் புருஷன் ஜெயித்த இதே ஆண்டிபட்டியில் தோற்றார், அவர் பக்கம் பேர் சொல்லச் சேரன்மகாதேவியில் பி.எச். பாண்டியன் கரையேறினார். பாவம் சிவாஜி, காங்கிரஸை விட்டுத் தனிக்கட்சி தொடங்கி, ஜானகியோடு சேர்ந்து, திருவையாற்றில் அவரும் போனார். (கூட்டம் கூடுவதும் ஓட்டு விழுவதும் ஒன்றா என்ன.)

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஜானகி ஒதுங்கிக்கொள்ள, அணிகள் இணைய, இலை திரும்பிவந்தது. தேர்தலைத் தள்ளிவைத்திருந்த மருங்காபுரி, மதுரை கிழக்கு இரண்டிலும் மார்ச் மாதமே அ.தி.மு.க. ஜெயித்தது. நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் காங்கிரஸும் கூட வர, 39ல் 38 அந்தக் கூட்டணிக்கு. ஜனவரியில் 150 வாங்கிய தி.மு.க.வுக்கு ஒன்றுகூட இல்லை.

அப்பத்தா ஜனவரியில் எதில் குத்தினாள் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. பறவை ரெண்டு இருந்துச்சு, சேவல் ஒன்னு இருந்துச்சு, என்னமோ ஒன்னு என்பாள். நவம்பரில் மட்டும் போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாளாம்.