கிரகணமும் விரல்களும்

என் தங்கை மகளுக்கு இடது கையில் கட்டைவிரல் மட்டுமே முழுமையாக இருக்கிறது. மற்ற நான்கு விரல்களின் இடத்தில் மிளகளவுச் சதைமொட்டுகள்; அவற்றில் இரண்டின் நுனியில் நகத்தின் சாயல்கூட உண்டு. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் தங்கையைக் கேட்டது ஒரே கேள்விதான்: கிரகணத்தன்று காய் நறுக்கினாயா? குற்றம் தாயுடையது என்பது கேட்பதற்கு முன்பே முடிவாகியிருந்தது.

கருத்தரித்து நான்காவது வாரக் கடைசியில் கைகால்களின் மொட்டுகள் அரும்புகின்றன. எட்டாவது வாரம் முடிவதற்குள் விரல்கள் பிரிந்துவிடுகின்றன. இந்தக் கால அளவை உலகுக்குக் கொடூரமாகக் கற்பித்தது தாலிடோமைடு. 1957இல் ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்து, மசக்கைக்கும் கொடுக்கப்பட்ட அந்த மருந்தை 1961 நவம்பரில் திரும்பப் பெறுவதற்குள், உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர். கருத்தரித்த 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரையிலான இடைவெளியில் ஒரே ஒரு மாத்திரையே பாதிப்புக்குப் போதுமானதாக இருந்தது. நாள் தள்ளிப்போயிருக்கிறதென்று சந்தேகித்து, சோதித்துப் பார்த்து, மருத்துவரிடம் போவதற்குள் இந்தக் கெடுவில் பாதி கழிந்துவிடும் என்பதை யோசித்தால், கவனம் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டியதன் காரணம் விளங்கும்.

கருத்தரிக்கும்போதே கட்டுக்கடங்காமல் இருக்கும் சர்க்கரை நோய், வலிப்புக்குத் தரப்படும் வால்புரோயேட், புகைபிடித்தல் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. (வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து, மாற்று மருந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.) நம் ஊரில் அதிகம் பேசப்படாதது மிசோப்ரோஸ்டால். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய இந்தக் கருக்கலைப்பு மாத்திரை பலிக்காமல் கர்ப்பம் தொடர்ந்தால், கருவுக்குச் செல்லும் ரத்த ஓட்டம் குறைந்து கைகால்கள் பாதிக்கப்படலாம். பனிக்குடச் சவ்வு கிழிந்து, அதன் இழைகள் விரலையோ கணுக்காலையோ சுற்றி இறுக்குவதும் நடக்கிறது. அதைத் தடுக்க எந்தத் தாயாலும் முடியாது.

சொந்தத்தில் திருமணம் செய்வதை மட்டும் பொத்தாம்பொதுவாகக் குறை சொல்ல முடியாது. இருவரிடமும் ஒரே பழுதான மரபணு மறைந்திருந்தால்தான் சிக்கல். ஃபான்கோனி ரத்தசோகை அப்படிப்பட்டது, அதில் கட்டைவிரலும் முன்கையின் ஆர எலும்பும் குறைபடலாம். ஹோல்ட்-ஓரம் நோய்க்குறியோ பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வரக்கூடியது. கையோடு இதயத்தையும் அது பாதிக்கிறது.

எனவே கையை மட்டும் பார்த்துக் காரணம் சொல்லிவிட முடியாது. எங்கள் குழந்தைக்கு எக்ஸ்ரே, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்து பார்த்ததில் வேறு கோளாறு எதுவும் இல்லை. இப்படிப் பிறக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு நடப்பதைப் போலவே காரணமும் பிடிபடவில்லை. கை மொட்டு வளர்ந்த நேரத்தில் ரத்த ஓட்டம் சற்றுத் தடைப்பட்டிருக்கலாம் என்றும், இத்தகைய தனித்த குறைபாடு அடுத்த குழந்தைக்கு வருவது மிக அரிது என்றும் மருத்துவர் விளக்கினார். அந்த விளக்கத்தைக் கேட்கத் தங்கை தன் மாமியாரையும் உடன் அழைத்துப் போயிருந்தாள்.