ஏரியல்-1

எதிர்வீட்டு மாடியில் இன்று காலை சோலார் பேனல்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வழிந்த அந்த நீலத் தகடுகளைப் பார்த்ததும் ஏரியல்-1 ஞாபகம் வந்துவிட்டது.

பிரிட்டனின் முதல் செயற்கைக்கோள். சுமார் 62 கிலோ. கட்டியதும் ஏவியதும் நாசா. உள்ளே இருந்த கருவிகள் பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் உருவானவை. 1962 ஏப்ரல் 26 அன்று கிளம்பியது.

சூரியனின் எக்ஸ் கதிர்கள் கூடிக் குறையும்போது, ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம், அதாவது வளிமண்டலத்தின் மின்னேற்றம் கொண்ட மேலடுக்கு, என்ன ஆகிறது? தரையிலிருந்து ஊகித்துக்கொண்டிருந்ததை அங்கேயே போய் அளந்தது.

ஜூலை 9. பசிபிக்கில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே, சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், அமெரிக்கா ஓர் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. அந்தச் சோதனையின் பெயர் ஸ்டார்ஃபிஷ் பிரைம்.

ஏரியல் அப்போது பூமியின் மறுபக்கம் இருந்தது. தப்பவில்லை. வெடிப்பில் பிறந்த எலக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிச் சுற்றிவந்து அதன் சோலார் தகடுகளைப் பாழாக்கின. மின்சாரம் சரிந்தது. அந்தத் திடீர்க் கதிர்வீச்சையும் அதன் கருவிகள் அளந்து அனுப்பியிருக்கின்றன!

எனக்கு இது ஆறவே இல்லை. ஏவிக்கொடுத்த நாடே, மூன்று மாதம்கூட ஆகாத ஒரு நல்ல கருவியை இப்படிச் செய்திருக்க வேண்டாம்.